ஓ.டி.பி. யார் போனுக்கு வந்தது?

2019-ஆம் ஆண்டு, மே மாதம். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அப்பா தென்னந்தோப்புகளில் காய் வெட்டுகிறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் இவள்தான். ஒரு நாள் சாயங்காலம் அவள் அப்பா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"சார், நீங்க கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்தவரு. இஞ்சினியரிங் காலேஜுக்கு எப்படிப் போடணும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, காகிதத்தைப் படித்துவிட்டு, "இதெல்லாம் இப்ப ஆன்லைன்ல. பிரௌசிங் சென்டர்ல குடுத்தா அவங்களே போட்டுக் குடுத்துருவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சென்டரில் விண்ணப்பம் போட்டவர் நல்ல பையன்தான். அன்றைக்கு அந்தப் பெண்ணின் வீட்டுப் போனில் சார்ஜ் இல்லை. ஓ.டி.பி. வராவிட்டால் அடுத்த பக்கம் போகாது என்று தன்னுடைய போன் நம்பரைப் போட்டுவிட்டார். மின்னஞ்சலும் அவரே உருவாக்கியதுதான். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாராம். அதுபோல இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் நம்பர் போயிருக்கும் என்று தெரியாது. ஜூலையில் அவளுக்குத் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. இரண்டு நாளைக்குள் உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும். தகவல் வந்தது அவருடைய போனுக்கு. அவர் ஏதோ விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தார். மூன்றாம் நாள் இவள் போய்க் கேட்டபோது இடம் போய்விட்டது.

கோபப்பட யாரும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காய் வெட்டுகிறவர் என்னிடம் வந்து, "அது என்னமோ ஓ.டி.பி.னு சொல்றாங்க சார்" என்று மட்டும் சொன்னார். "நீங்க பாத்திருக்கலாமே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளிகளில் கணினி சொல்லிக் கொடுப்பது, எதிர்கால வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என்று பேப்பரில் எதைப் படித்தாலும் எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகம் வருவாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்தவள். பாடத்தில் எண்பதுக்கு மேல் மதிப்பெண். ஆனால் தன் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் தானே திறந்ததில்லை. இது எப்படி நேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

என் சொந்தக் கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. என்னையும் ஒரு எதிர்கால வேலைக்குத் தயார் செய்துதான் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான் புதுச்சேரியில் பிறந்தவன். ஓய்வுக்குப் பிறகுதான் மனைவியின் ஊரான இந்தக் கடமலைக்குண்டுக்கு வந்தேன். (இந்தப் பக்கத்தில் தாத்தாவைச் 'சீயான்' என்பார்கள். நான் மட்டும் தெருப் பிள்ளைகளுக்குப் 'பாண்டிச்சேரித் தாத்தா'.) 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்போது எனக்கு நாலு வயது. அப்படியும் என் தகப்பனார் என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அவர் கணக்கில் தப்பில்லை. சுற்றிலும் பார்த்தவர்களெல்லாம் பிரெஞ்சு படித்துத்தான் உத்தியோகம் பார்த்தார்கள், 'சொல்தா'வாகப் போனவர்கள் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கினார்கள். ஒப்பந்தத்திலேயே, மக்கள் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று எழுதியிருந்தது. 1962-ல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. 1965-ல் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் வந்து தமிழும் ஆங்கிலமும் அலுவலகத்துக்குள் முறைப்படி நுழைந்தன. நான் பிரெவே தேர்வு எழுதி வெளியே வந்தபோது, எனக்காகத் தயாராக இருந்ததாகச் சொல்லப்பட்ட நாற்காலிகளெல்லாம் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தன.

தட்டச்சு கற்றுக்கொண்டதும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இயந்திரம் ஒன்றில் ஒரு பெரியவரிடம் பழகினேன். பிரெஞ்சு விசைப்பலகைக்கு 'அஸெர்ட்டி' என்று பெயர். முதல் வரிசையின் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஆங்கிலப் பலகையில் 'க்யூ' இருக்கும் இடத்தில் அதில் 'ஏ' இருக்கும். 'டபிள்யூ' இடத்தில் 'இசட்'. 'எம்' எழுத்து கீழே இருக்காது, 'எல்'லுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்கள் அடிக்க ஷிப்டை அழுத்த வேண்டும். பிறகு வேலைக்காக ஆங்கிலத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தபோது என் விரல்கள் மூளை சொன்னதைக் கேட்கவில்லை. 'ஏ' வரவேண்டிய இடமெல்லாம் 'க்யூ'. பயிலக மாஸ்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் இங்கிலீஷ்?" என்றார். கற்றதை மறக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதற்குள் லோயர் பாஸ் செய்துவிட்டார்கள்.

இந்தத் தட்டச்சுப் பயிலகங்களைப் பற்றி யாராவது முறையாக எழுத வேண்டும். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் வேலைக்கான இயந்திரக் கல்வி என்பது அங்கேதான் தொடங்கியது. கம்பம், போடி, தேனி, ஆண்டிபட்டி எங்கே போனாலும் ஒரு மாடிப்படியும் ஒரு பெயர்ப் பலகையும் டக்டக் சத்தமும் இருக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்தும். நிமிடத்துக்கு முப்பது சொல் அடித்தால் லோயர், நாற்பத்தைந்து அடித்தால் ஹையர். தேர்வு நாளன்று பயிலகத்து இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போவார்கள். மாதக் கட்டணம் ஒரு கூலிக்காரக் குடும்பத்தால் கட்டக்கூடியதாக இருந்தது. பிள்ளையை யாரும் விளக்கவுரை எழுதச் சொல்லவில்லை. தினம் ஒரு மணி நேரம் இயந்திரத்தின் முன் தனியாக உட்கார வைத்தார்கள். ஓராள், ஓர் இயந்திரம், ஒரு மணி நேரம். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது, தட்டச்சு பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்தது. பிற்காலத்தில் அந்தப் பாடத்துக்குத் 'தட்டச்சும் கணினிப் பயன்பாடும்' என்கிற பொருளில் பெயர் மாறியது. இன்றைக்கும் அரசுத் தட்டச்சர் வேலைக்குச் சேர்கிறவர்களிடம் சி.ஓ.ஏ. என்கிற அலுவலகக் கணினிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தேர்வு நடத்துவது அதே இயக்ககம்தான்.

கணினி பள்ளிக்கூடத்துக்குள் வந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1982 ஜனவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி, கணினியைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தும் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. கூடவே தன் பெயரிலேயே ஒரு சிறு கணினியையும் விற்பனைக்கு விட்டது. ஏக்கார்ன் என்ற நிறுவனம் செய்து கொடுத்த 'பி.பி.சி. மைக்ரோ'. இரண்டு வருடம் கழித்து, 1984-ல், இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அதே பி.பி.சி. மைக்ரோவைத்தான் வாங்கியது. முதலில் 250 பள்ளிகள். பிறகு இரண்டாயிரத்துக்கும் மேல் போனது. அகமதாபாத்திலிருந்த விண்வெளிப் பயன்பாட்டு மையம் இதை ஆய்வு செய்தது. அந்த இயந்திரமும் அதற்கான பாடங்களும் பிறந்தது இங்கிலாந்தின் வகுப்பறைகளுக்காக. நம்மூர்ப் பள்ளிகளில் பல இடங்களில் அதைத் துணி போர்த்திப் பாதுகாத்தார்கள். பாதுகாக்கப்பட்ட எதையும் பிள்ளைகள் தொட முடியாது என்பது எல்லா அலுவலகத்துக்கும் பொருந்துகிற விதி. நான் வேலை பார்த்த இடத்தில் முதல் கணினி வந்தபோது அதற்கு ஏ.சி. அறை, வெளியே செருப்பு விட வேண்டும், உள்ளே போக இருவருக்கு மட்டும் அனுமதி. மூன்று வருடம் அதில் எங்கள் அலுவலகத்துக்குச் சம்பளப் பட்டியல் தவிர வேறெதுவும் வரவில்லை.

இதே காலத்தில் பிரான்சில் நடந்ததை நான் உன்னிப்பாகக் கவனித்தேன். பிரெஞ்சு படித்ததால் கிடைத்த சில லாபங்களில் இதுவும் ஒன்று. அங்கே போய் நிலைத்துவிட்ட என் சித்தி மகன் பழைய பத்திரிகைகளைக் கட்டி அனுப்புவான். 1985 ஜனவரி 25-ஆம் தேதி பிரதமர் லோரான் ஃபாபியுஸ் 'எல்லோருக்கும் கணினி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தார். 50,000 பள்ளி கல்லூரிகளுக்கு 1,20,000 கணினிகள். 1,10,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பயன்பெறப் போகிறவர்கள் 1 கோடியே 10 லட்சம் மாணவர்கள். இதெல்லாம் சில மாதங்களுக்குள். கணினிகளில் பெரும்பகுதி தாம்சன் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. எம்.ஓ.5 என்று ஒரு மாதிரி, டி.ஓ.7 என்று ஒரு மாதிரி. திரையில் நேரடியாகத் தொட்டு எழுத ஒளிப்பேனா கூட உண்டு.

படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் நாலைந்து வருடத்தில் அந்தத் திட்டம் ஓசையில்லாமல் அடங்கியது. ஆசிரியர்களுக்குக் கிடைத்தது விடுமுறையில் ஒரு சில நாள் பயிற்சி. இயந்திரம் வந்துவிட்டது, அதில் போடுவதற்குப் பாடம் இல்லை. உள்நாட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவதும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக இருந்ததால், உலகம் வேறு வகைக் கணினிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளிகளில் தாம்சன் தங்கிவிட்டது. சித்தி மகனின் பையன் பள்ளியில் எம்.ஓ.5 பார்த்திருக்கிறானாம். "பார்த்திருக்கிறான்" என்றுதான் எழுதியிருந்தான்.

இதற்கும் முன்னால், 1970-களில், அதே பிரான்சில் 58 லிசேக்களில் அமைதியாக ஒரு சோதனை நடந்தது. அதைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் குறைவு. அங்கே முதலில் செய்தது ஆசிரியர்களைத் தயார் செய்தது. அதிலும் கணக்கு வாத்தியார்களை மட்டுமல்ல, இலக்கியம், வரலாறு, மொழி நடத்துகிறவர்களையும் அனுப்பி நீண்ட பயிற்சி கொடுத்தார்கள். நிரல் எழுதுவதற்கு எல்.எஸ்.இ. என்று ஒரு மொழி உருவாக்கினார்கள். அதன் கட்டளைச் சொற்கள் எல்லாம் பிரெஞ்சு. 'லீர்' என்றால் படி, 'அஃபிஷே' என்றால் காட்டு. பையன் தன் வீட்டு மொழியில் இயந்திரத்துக்கு உத்தரவு போடலாம். தமிழிலும் இப்படி ஒன்று இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்'. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிப்பிக்கும். நான் முயன்று பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு கணினி எனக்குத் தமிழில் கீழ்ப்படிந்தது நல்ல அனுபவம். ஆனால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதாக என்னிடம் சொன்னதில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1997-ல் தகவல் தொழில்நுட்பக் கொள்கை அறிவித்தார்கள். 2000 ஜூலையில் சென்னையில் டைடல் பார்க் திறந்தார்கள். இடையில் 1999-2000 வாக்கில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிக் கல்வி பரவலாகத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாகத் தனியாருக்கு ஒப்பந்தம். கணினியும் அவர்களே கொண்டுவருவார்கள், சொல்லிக் கொடுக்கிற ஆளையும் அவர்களே கொண்டுவருவார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் ஆசிரியரும் உபகரணங்களில் ஒன்றாகிவிட்டார். குறைந்த சம்பளத்தில் வருடக்கணக்காக உழைத்த அந்தப் பயிற்றுநர்களுக்குப் பிறகு 2008-ல் சிறப்புத் தேர்வு வைத்தார்கள். எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்பதில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பல நூறு பேர் வேலையிழந்தார்கள். கோப்பு எழுதியே காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: இயந்திரத்துக்கு நிதி ஒதுக்குவது சுலபம், பணியிடத்துக்கு நிதித்துறையின் ஒப்புதல் வாங்குவதுதான் கஷ்டம். கணினி ஒருமுறைச் செலவு. வாத்தியார் முப்பது வருடச் செலவு, அதன்பிறகு பென்ஷன்.

பாடப்புத்தகம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் சொல்லிக் கொடுத்தார்கள், இரண்டாம் தொகுதியில் சி பிளஸ் பிளஸ். இப்போது பைத்தான் வந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தமிழ்க் கணினி பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், ஸ்டார் ஆபீஸ் பாடத்தில் எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தாளில் எழுதினார்கள். கணினி இல்லாத பள்ளியிலும் பாடத்தில் தேர்ச்சி பெற முடிந்தது.

எழுத்துப் பிரச்சினை ஒன்று தனியாக இருந்தது. தட்டச்சுப் பொறிக்கு ஆர். முத்தையா விசைப்பலகை அமைத்துக் கொடுத்தார் என்றால், கணினிக்குத் 'தமிழ் 99' விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக வந்தது. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு நாலாவது விசைப்பலகை! அது போகட்டும், விரல் பழகிவிடும். எழுத்துரு பழகவே முடியவில்லை. ஒரு அலுவலகத்தில் பாமினி, இன்னொன்றில் வானவில். ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் சமையலறைக் கரண்டிகளைக் கொட்டியதுபோலத் தெரியும். 2010 ஜூன் 23-ல், கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, யூனிகோடைத் தரமாக ஏற்று அரசாணை வெளியிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம். ஒரு பள்ளிப் பிள்ளை தமிழில் தேடினால் தமிழில் விடை வரும் என்கிற நிலை அதற்கெல்லாம் பிறகுதான் சாத்தியமானது.

அடுத்தது மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது. அதற்கு நாலு மாதம் முன்புவரை முதலமைச்சர் ஜெயலலிதா எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். (எம்.ஜி.ஆரும் இந்தத் தொகுதிக்காரர்தான். 1984-ல் அமெரிக்காவில் மருத்துவமனையில் படுத்துக்கொண்டே ஜெயித்தார். இந்த ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் முடிக்க மாட்டார்கள்.) எட்டொன்பது வருடத்தில் 50 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் ஒரு மாநில அரசு இந்த அளவுக்குக் கொடுத்ததாக நான் படித்ததில்லை. ஆரம்ப மடிக்கணினிகளில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளை ஒன்றைக்கூட நான் சந்திக்கவில்லை.

இந்தத் திட்டத்தைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் தெருவிலேயே அந்த மடிக்கணினியை வைத்துக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டு தேனியில் ஸ்டூடியோவில் சேர்ந்த பையன் இருக்கிறான். செவிலியர் படித்த பெண் அதில்தான் கடைசி வருடம் வரை பாடம் பார்த்தாள். படம் பார்க்க மட்டுமே பயன்பட்டு, பேட்டரி செத்து, பரணில் இலவம்பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் கிடப்பவையும் உண்டு. ஆனால் ஒன்று: பிளஸ் டூ முடிக்கிற நேரத்தில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னிலையில் பழக வேண்டிய பொருள், பள்ளியை விட்டுப் போகும்போது பரிசுபோலக் கைக்கு வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்ன செய்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தினமும் விடியற்காலை கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறோம். 2001-ல் அவர்கள் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வெளியாளை அமர்த்தாமல், ஏற்கனவே பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கினார்கள். கணக்கு டீச்சரும் மலையாளம் சாரும் கணினியில் பாடம் எடுத்தார்கள். 2005 முதல் பத்தாம் வகுப்புக்கே தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடம். கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் உரிமக் கட்டணமும் மிச்சம். 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றம் தொடங்கி, பிள்ளைகளே பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கிறார்கள். நாம் பொருளைக் கொடுத்தோம், அவர்கள் ஆளைத் தயாரித்தார்கள். அங்கேயும் குறை இருக்கும். ஆனாலும் 58 லிசே சோதனையைப் படித்துவிட்டுச் செய்தார்களோ என்று தோன்றும்.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது நம் கையிருப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பெரிய உதவி செய்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் மூல வைகை ஓரமாக மேலே போகப் போக சிக்னல் குறையும். வருசநாட்டுக்கு மேலே இருக்கிற பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அது அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும். பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தது, உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் பெருகின, தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் வந்தன, ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' தொடங்கினார்கள். இப்போது ஆறாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் என்கிறார்கள். நல்லதுதான்.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் 'எதிர்கால வேலை' ஏற்கனவே வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் மின்னணு முறையில் நடக்கிறது. வியாபாரிகள் கத்துவதில்லை, பொத்தானை அழுத்துகிறார்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வருகைப் பதிவு செயலி வழியாகத்தான். பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் பெண், காலையும் மதியமும் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஏறவில்லை என்றால் அன்றைய கூலிக்கு ஆபத்து. என் தெருப் பெண்ணின் அம்மாவுடைய கூலி, பத்தாவது படித்த இன்னொரு பெண்ணின் விரல் நுனியில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. தம்பியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

பொறியியல் கலந்தாய்வும் அப்படித்தான். முன்பெல்லாம் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போகும். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரைக்கு முன் உட்கார்ந்தால் அங்கிருப்பவர் பொத்தானை அழுத்துவார். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, அலைச்சல். அதைத் தவிர்க்க 2018-ல் முழுவதும் இணையவழிக்கு மாற்றினார்கள். 2019-ல் பொறுப்பு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு வந்தது. தட்டச்சுத் தேர்வு நடத்துகிற அதே இயக்ககம்! அலைச்சல் மிச்சமானது உண்மை. கூடவே, பொத்தானை அழுத்துகிற பொறுப்பு பதினேழு வயதுப் பிள்ளையிடம் வந்தது. அதை அந்தப் பிள்ளை அழுத்தத் தெரிந்தவள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான். மின்னஞ்சல் எனக்குத் தெரியும், யூனிகோடு தெரியும், ஓ.டி.பி. என்றால் என்ன என்று தெரியும். தெரிந்துகொண்டே பிரௌசிங் சென்டருக்கு அனுப்பினேன். சாயங்கால நடைக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் காரணம்.

அவள் அந்த வருடம் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன பொங்கலுக்கு வந்தபோது அவளிடம் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். "விடுங்க தாத்தா, என் தம்பிக்கு நான் பாத்துக்கிட்டேன்" என்று சிரித்துவிட்டாள்.

2020-லிருந்து மே, ஜூன் மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்து உட்காருகிறேன். மூடியில் அம்மா படம் போட்டது. பரணிலிருந்து இறங்கியதுதான், பேட்டரி இல்லாததால் ஒயரைக் கழற்ற முடியாது. வருகிற பிள்ளைகளுக்கு நான் எதையும் போட்டுக் கொடுப்பதில்லை. அவர்களே உட்கார வேண்டும், அவர்களே மின்னஞ்சல் திறக்க வேண்டும், அவர்கள் வீட்டுப் போனைச் சார்ஜ் ஏற்றிக் கையில் கொண்டுவர வேண்டும். போன் இல்லாமல் வந்தால் மறுநாள் வரச் சொல்லிவிடுவேன். பாண்டிச்சேரித் தாத்தா ரொம்ப கறார் என்று தெருவில் பெயர். கடவுச்சொல்லை அவர்கள் அடிக்கும்போது நான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

சென்ற வருடம் ஒரு பையன் கூப்பிட்டான்: "தாத்தா, இங்க 'ஏ' அடிச்சா 'க்யூ' விழுது, மிஷின் ரிப்பேரா?" போய்ப் பார்த்தேன். ஏதோ அழுத்தியதில் விசைப்பலகை பிரெஞ்சுக்கு மாறியிருந்தது. சரிசெய்வதற்கு முன்னால் என் பெயரை ஒருமுறை அடித்துப் பார்த்தேன். ஒரு தப்பு விழவில்லை.